மீதி எங்கே போயிற்று?



1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்ததை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். ணை, லை, னை போன்ற எழுத்துகளுக்கு முன்பிருந்த துதிக்கை வடிவங்கள் மறைந்து இன்றைய வடிவங்கள் வந்தன. அதற்காகப் பழைய நூல்களை நாம் எறிந்துவிடவில்லை. பழைய எழுத்தைக் கண்டால் ஒரு கணம் தயங்குகிறோம், பின்னர் வாசித்துவிடுகிறோம். வாசிப்பவன் மனிதனாக இருக்கும்வரை மொழியின் மாற்றம் அவ்வளவாக இடையூறு செய்வதில்லை.

வாசிப்பது இயந்திரமாக இருந்தால் என்ன நேரும்? நேற்றுவரை சரியாக இருந்த ஒரு வாக்கியம் இன்றுமுதல் பிழை என்று அறிவிக்கப்பட்டால், அல்லது அதே வாக்கியத்துக்கு இன்றுமுதல் வேறு பொருள் என்று முடிவு செய்யப்பட்டால், அந்த வாக்கியத்தை நம்பி நடந்துவந்த காரியங்களின் கதி என்ன? இதுபற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் மத்ரஸாவில் பாடம் நடத்துபவன். கல்லூரியில் படித்தது வரலாறு. கணிப்பொறியைப்பற்றி எழுத இவருக்கென்ன வந்தது என்று நீங்கள் வியப்பது நியாயமே. எங்கள் மத்ரஸாவின் மதிப்பெண் பதிவேட்டிலேயே இந்த மாற்றம் வந்து நின்றபடியால் எழுதுகிறேன்.

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளை எழுதுவதற்கென்று மொழிகள் பல உள்ளன. அவற்றுள் எளிமைக்குப் பெயர்பெற்றது 'பைத்தான்' என்னும் மொழி. ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணிப்பொறி ஆய்வு நிலையமொன்றில் பணியாற்றிவந்த கைடோ வான் ரோசம் என்பவர், 1989 டிசம்பர் விடுமுறையில் இதனை உருவாக்கத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் உலகோர் பயன்பாட்டுக்கு வெளியிட்டார். மலைப்பாம்பின் பெயரைத் தாங்கியிருந்தாலும் பாம்புக்கும் அதற்கும் உறவில்லை. 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் நினைவாக அவர் சூட்டிய பெயர் அது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பள்ளியிலும் கல்லூரியிலும் முதலில் கற்பது இம்மொழியைத்தான்.

2000-ஆம் ஆண்டில் இம்மொழியின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்குள் உலகெங்கும் எண்ணற்றோர் இதில் எழுதத் தொடங்கியிருந்தனர். எனினும் தொடக்கக் காலத்தில் செய்த சில முடிவுகள் பிழையானவை என்பதை அதனை ஆக்கியோர் உணர்ந்திருந்தனர். பிழையைத் திருத்தினால் பழைய எழுத்துகள் இயங்கா. திருத்தாமல் விட்டாலோ, இனி வரும் தலைமுறைகள் எல்லாம் அப்பிழையைச் சுமக்க வேண்டும். அவர்கள் திருத்துவதென்றே துணிந்தனர். 2008 டிசம்பர் 3-ஆம் நாள் மூன்றாம் பதிப்பு வெளியாயிற்று. பழையதோடு பொருந்தாது என்று முன்னரே அறிவித்துவிட்டே அதனை வெளியிட்டார்கள்.

என்னென்ன மாறின? சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, திரையில் ஒன்றை எழுதிக்காட்டப் பயன்படும் 'பிரின்ட்' என்ற கட்டளை. பழைய பதிப்பில் அதற்குப் பக்கத்தில் சொல்ல வேண்டியதை எழுதினால் போதும். புதிய பதிப்பில் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். பழைய முறையில் எழுதியதைப் புதியதிடம் கொடுத்தால் அது இயங்க மறுத்துவிடும். அடைப்புக்குறி இல்லை என்று பிழையைச் சுட்டிக்காட்டவும் செய்யும்.

இரண்டாவது, எழுத்துகள். பழைய பதிப்பு ஆங்கில எழுத்துகளையே மனத்தில் கொண்டு அமைந்தது. 'தமிழ்' என்ற சொல்லைச் சாதாரணமாக அதனிடம் கொடுத்து நீளம் கேட்டால் 15 என்று விடை சொல்லும். ஏனெனில் நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் கணிப்பொறியின் நினைவில் மூன்று இடங்களைப் பிடிக்கிறது; அது இடங்களைத்தான் எண்ணியது. ஒரு பெயரைப் பத்து இடத்தோடு நறுக்கச் சொன்னால், எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். அரபி எழுத்துக்கும் இதே கதிதான். புதிய பதிப்பு உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான யூனிகோட் முறையை அடிப்படையாக ஏற்றுக்கொண்டது. அதனிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. நாம் மூன்றெழுத்து என்கிறோம். அது ஐந்து என்கிறது. முழுமையான நீதி இன்னும் கிடைக்கவில்லை எனினும் 15-க்கு 5 எவ்வளவோ மேல்! கட்டளைகளுக்குள் நாம் சூட்டும் பெயர்களைக்கூட இப்போது 'மதிப்பெண்', 'மொத்தம்' என்று தமிழிலேயே எழுதலாம்.

மூன்றாவது, ஒப்பீடு. எண்ணையும் சொல்லையும் ஒப்பிட்டு எது பெரியது என்று கேட்டால், பழைய பதிப்பு சற்றும் தயங்காமல் சொல்தான் பெரியது என்று விடையளிக்கும். புதியதோ, இவ்விரண்டையும் ஒப்பிட இயலாது என்று கைவிரித்துவிடும்.

நான்காவதுதான் முக்கியமானது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் எவ்வளவு? மூன்றரை என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பழைய பைத்தான் 3 என்று சொன்னது. இரண்டும் முழு எண்களாக இருந்தால் விடையும் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. மீதியை அது விழுங்கிவிடும். புதிய பதிப்பில் ஒற்றைச் சாய்கோடு இட்டால் 3.5, முழு எண் விடையே வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு இட வேண்டும்.

முதல் மாற்றத்துக்கும் இந்த நான்காவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். 'பிரின்ட்' கட்டளை தவறினால் கணிப்பொறி கூச்சலிட்டு நின்றுவிடும். வகுத்தலிலோ எந்தக் கூச்சலும் இல்லை. பழையதும் இயங்கும், புதியதும் இயங்கும். விடைகள் மட்டும் வேறு வேறாக இருக்கும்.

இனி எங்கள் பதிவேட்டுக்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டில், எங்களிடம் ஓதி முடித்துப் பொறியியல் கல்லூரிக்குச் சென்ற மாணவர் ஒருவர், ஆண்டுத் தேர்வு மதிப்பெண்களைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தப் பழைய பைத்தானில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தார். அன்புடன் செய்த பணி. ஒரு காசும் வாங்கவில்லை. முதல் ஆண்டிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. தேர்வுக்கு வராத பையன் ஒருவன் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தான்! அவனுடைய சராசரி இருக்க வேண்டிய இடத்தில் 'வரவில்லை' என்ற சொல் இருந்தது; எல்லா எண்களையும்விடச் சொல் பெரியதாயிற்றே! அனைவரும் சிரித்தோம். அதனை அவர் உடனே திருத்திக் கொடுத்தார். அதன்பின் பல ஆண்டுகள் அந்த நிரல் தடங்கலின்றி இயங்கியது.

2021-இல் பழைய கணிப்பொறி பழுதடைந்து புதியது வந்தது. அதில் புதிய பைத்தான் மட்டுமே இருந்தது. நிரல் இயங்கவில்லை. விடுப்பில் ஊருக்கு வந்திருந்த அதே மாணவர் அடைப்புக்குறிகளை இட்டு அரைமணி நேரத்தில் அதனை நடக்க வைத்தார். சரிபார்ப்பதற்காகப் பழைய ஆண்டொன்றின் மதிப்பெண்களை உள்ளிட்டு, அன்று அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிட்டார். சிறிது நேரம் மௌனமாக இருந்தவர், "ஹஜ்ரத், இங்கே கொஞ்சம் பாருங்கள்" என்றார்.

ஐந்து பாடங்களில் 434 மதிப்பெண் பெற்ற மாணவியின் சராசரி 86.8. 431 பெற்ற இன்னொருத்தியின் சராசரி 86.2. பழைய பைத்தான் இருவருக்கும் 86 என்று போட்டிருந்தது. இருவரும் சமம் என்று கூறி முதற்பரிசை இரண்டாகப் பங்கிட்டிருந்தோம். மற்ற ஆண்டுகளையும் எடுத்துப் பார்த்ததில், மேலும் இரண்டு ஆண்டுகளில் இவ்வாறே இடங்கள் மாறியிருப்பது தெரிந்தது.

என்ன செய்வது? நிர்வாகக் கூட்டத்தில் இது பேசப்பட்டது. "முடிந்துபோன கதை. அந்தப் பிள்ளைகள் கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிறார்கள். இப்போது கிளறுவானேன்?" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. "பதிவேடு என்பது பின்னால் வருகிறவர்கள் நம்பிப் பார்ப்பது. தவறென்று தெரிந்தபின் அப்படியே விட்டால், இன்றுமுதல் அது நாம் அறிந்தே எழுதியதாகிவிடும்" என்று நான் சொன்னேன். நெடுநேர விவாதத்துக்குப்பின் ஒரு முடிவு எட்டப்பட்டது. பழைய வரிகளை அடிக்காமல், பக்கத்தில் சிவப்பு மையினால் திருத்தம் எழுதி, நாளிட்டு, கையொப்பமிட்டோம். உரிய மூவருக்கும் கடிதம் அனுப்பினோம்.

434 பெற்ற மாணவியிடமிருந்து பதில் வந்தது. "அன்றைக்கு என் வாப்பா மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்து, உனக்கு மூன்று மார்க் கூடுதலாயிற்றே என்றார்கள். கணிப்பொறி போட்ட கணக்கு தப்பாகாது என்று நான்தான் அவர்களைச் சமாதானப்படுத்தினேன். இப்போது அவர்கள் இருந்திருந்தால் உங்கள் கடிதத்தைக் காட்டியிருப்பேன்" என்று எழுதியிருந்தார். அக்கடிதம் பதிவேட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் சிறிய கூட்டத்தில் எழுந்த அதே கேள்விதான், பெரிய அளவில் பைத்தானை ஆக்கியோர் முன்னும் இருந்தது. அவர்கள் திருத்தினார்கள், விலையும் கொடுத்தார்கள். பழைய பதிப்பைவிட்டு மக்கள் எளிதில் நகரவில்லை. 2010-இல் வந்த 2.7 என்ற வெளியீட்டை 2015 வரை பராமரிப்பதாக இருந்தவர்கள், அக்கெடுவை 2020 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு பழைய பதிப்பின் பராமரிப்பு முடிவுக்கு வந்தது. புதியது வெளியான பின்னரும் பதினோர் ஆண்டுகள் இரண்டு பதிப்புகளும் அருகருகே நடந்திருக்கின்றன!

பழையதைப் புதியதாக மாற்றித்தர ஒரு கருவியையும் அவர்கள் செய்து கொடுத்தார்கள். 'பிரின்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி இடுவது அதற்கு எளிது. ஆனால் ஒரு சாய்கோட்டைக் கண்டால், எழுதியவர் மீதி வேண்டுமென்று எழுதினாரா, வேண்டாமென்று எழுதினாரா என்பதை அக்கருவி எவ்வாறு அறியும்? ஆகவே அதனைத் தொடாமலே விட்டுவிட்டது. எழுதியவரின் எண்ணத்தை அறிந்த மனிதர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த வகுத்தல் மாற்றம் 2001-இலேயே அறிவிக்கப்பட்டு, விரும்பியோர் தம் நிரலின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்துப் புதிய முறையைப் பெறவும் வழி செய்யப்பட்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறிவிப்பு இருந்தது, எங்கள் ஊர்வரை அது வந்து சேரவில்லை.

அந்த அனுபவம் அவர்களையும் மாற்றியிருக்கிறது. இப்போது ஆண்டுக்கொரு முறை அக்டோபரில் புதிய வெளியீடு வருகிறது. ஒவ்வொன்றையும் ஐந்தாண்டுகள் பராமரிக்கிறார்கள். ஒன்றை நீக்குவதானால் வழக்கமாகக் குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்கு எச்சரித்துவிட்டே நீக்குகிறார்கள். எடுத்துக்காட்டாக, 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பழைய பகுதியொன்றைக் கைவிடப்போவதாக 2021-இல் வந்த 3.10 வெளியீட்டிலேயே எச்சரித்து, 2023-இல் வந்த 3.12-இல்தான் எடுத்தார்கள்.

வாசகர்களே! உங்கள் ஊர் ஜமாஅத்திலும், சங்கத்திலும், கடையிலும் யாரோ ஒரு தம்பி எப்போதோ எழுதிக் கொடுத்த சிறிய நிரல் ஒன்று இன்னும் இயங்கிக்கொண்டிருக்கலாம். சந்தாக் கணக்கு, வாடகைக் கணக்கு, ஏன், ஜகாத் கணக்குகூட அதில் இருக்கலாம். நாற்பதில் ஒரு பங்கைக் காண, 1-ஐ 40-ஆல் வகுத்துப் பின்னர் தொகையால் பெருக்கும்படி பழைய பைத்தானில் எழுதியிருந்தால், எவ்வளவு பெரிய தொகைக்கும் விடை பூஜ்யம்தான்! பூஜ்யமென்றால் எவரும் கண்டுபிடித்துவிடுவர். 86.8 என்பது 86 ஆனால் யார் கண்டுபிடிப்பார்?

ஆகவே, கணினி படிக்கும் மகனையோ மகளையோ அழைத்து, அந்த நிரல் எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வகுத்தல் வரும் வரிகளை மட்டுமாவது தேடச் சொல்லுங்கள். பழைய பட்டியலில் ஒரு வரியை எடுத்து, காகிதமும் பென்சிலுமாக நீங்களே வகுத்துப் பாருங்கள். விடை பொருந்தினால் மகிழ்ச்சி. பொருந்தாவிட்டால், பழைய வரியை அழித்துவிடாதீர்கள். பக்கத்தில் திருத்தத்தை எழுதி நாளிடுங்கள். பின்னர், அந்த மீதிக்கு உரியவர் யாரென்று தேடுங்கள்.