மலைமேல் மூன்று நாள்

எம் ஊர் நெய்க்காரப்பட்டி. பழனியினின்று உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் பெருவழியில், பழனிக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கரும்புத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்தது. வெல்லத்தாற் பெயர் பெற்றது. தைத்திங்கள் பிறந்துவிட்டால் ஆலைக்கொட்டகைகளில் அடுப்பு அணையாது. கருப்பஞ்சாறு காயும் மணம் ஊர்முழுதும் பரவி நிற்கும். அக்காலத்தே தெற்கு நோக்கி நிமிர்ந்து பார்ப்போர்க்குப் பழனி மலைத்தொடர் நீலமதிலென நெடிது தோன்றும். அம்மதிலின்மேல், கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், கொடைக்கானல் இருக்கின்றது. பழனியிலிருந்து மலைவழி 64 கிலோமீட்டரேயாகும். காலையில் உண்டு புறப்பட்டவர் உச்சிப்பொழுதிற்குள் அங்குச் சென்று சேரலாம். ஆயினும், அம்மலையை நாள்தோறும் கண்டுகொண்டே வாழ்ந்த என் அன்னையார் ஒருமுறையேனும் அதன்மேல் ஏறினாரல்லர்.

அன்னையார் அண்டைச் சிற்றூர்ப் பள்ளியொன்றின் சத்துணவுக் கூடத்திற் சமையலராய் 18 ஆண்டு பணிபுரிந்தார். விடியுமுன் எழுந்து, வீட்டுவேலைகளை முடித்து, வாய்க்கால் வரப்பின் வழியே தன்னந்தனியராய் நடந்து செல்வார். பிற்பகலில் அவ்வாறே தனித்து மீள்வார். அடுக்களையில் நின்றபடியே புறக்கடை வாயிலால் மலையை நோக்குவது அவர் வழக்கம். “ஒருநாள் அங்கே போய், ஒரு வேலையும் இல்லாமல், சும்மா உட்கார்ந்துவிட்டு வரவேண்டும்” என்பார். தந்தையார்க்கு வெல்ல மண்டியிற் கணக்கு வேலை. வெல்லம் மிகுதியாய் வருங்காலத்தில் அவர்க்கு ஓய்வில்லை. மற்றைக் காலத்திற் கையிற் பணமில்லை. “துணைக்கு யாராவது வந்தாற் போகலாம்” என்று அன்னையாரே அப்பேச்சை முடித்துவிடுவார். அத்துணை வந்திலது. சென்ற ஆண்டு பங்குனித் திங்களில், நான்கு நாட் காய்ச்சலின்பின், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இவ்வாண்டு தைத்திங்கள் இறுதியில் எனக்குச் சில நாள் விடுமுறை கிடைத்தது. அன்னையார் கருதிய மலையில், அவர் கருதியவாறே சும்மா இருந்து வருதல் வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. தந்தையாரிடம் கூறினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசினாரல்லர். அத்தை, “உறவுக்காரர் யாராவது கூடப் போகட்டும்” என்றார். அப்பத்தாவோ, “வயசுப்பிள்ளை தனியாக மலைக்குப் போனால் ஊர் என்ன பேசும்? துணைக்கு யார்?” என்று மும்முறை வினவினார்.

தங்குமிடத்தின்பொருட்டு விடுதியொன்றிற்குத் தொலைபேசியிற் பேசினேன். வாடகை, நாள் முதலியவற்றை இனிமையாகக் கூறிவந்த அவர், “எத்தனை பேர்?” என்று கேட்டார். “நான் ஒருத்திதான்” என்றதும், “தனியாக வரும் பெண்களுக்கு அறை கொடுப்பதில்லை அம்மா” என்று முடித்துவிட்டார். அவர் குரலிற் கடுமையில்லை. அப்பத்தா கேட்ட கேள்வியையே அவர் வேறு குரலிற் கேட்டார். இறுதியில் எம் பேராசிரியை ஒருவர், மகளிர் தங்குதற்கென்று திருச்சபையார் மலையில் நடத்தும் ஓய்வில்லம் ஒன்று உண்டெனக் கூறி, அங்கு எழுதியும் உதவினார். புறப்படும் நாளன்று தந்தையார் அச்சுவெல்லப் பொட்டலம் ஒன்றை என் பையில் வைத்து, “போய்ச் சேர்ந்ததும் பேசு” என்றார். அவர் தந்த விடை அவ்வளவே.

பழனியிற் பேருந்து ஏறினேன். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் முதல், உயர்நீதிமன்ற ஆணைப்படி, சொந்த ஊர்திகளிற் கொடைக்கானல் செல்வோர் இணையவழியே அனுமதிச்சீட்டுப் பெறுதல் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது; பேருந்திற் செல்வார்க்கு அவ்விதியில்லை. ஆகவே மலையேற என்னிடம் எவரும் சீட்டுக் கேட்டிலர். துணையை மட்டுமே கேட்டனர்! நடத்துநர்கூட ஒரு சீட்டைக் கிழித்துத் தந்தபின், வேறெவரேனும் உளரோ என்று என் பின்னிருக்கையை ஒருமுறை நோக்கினார்.

வரதமாநதி அணை கடந்ததும் ஏற்றம் தொடங்கிற்று. வளைவுதோறும் சமவெளி சிறிது சிறிதாகக் கீழிறங்கியது. சரிவுகளிற் காப்பியும் மிளகும் வாழையும் செழித்து நின்றன. இம்மலையில் விளையும் விருப்பாச்சி வாழையே பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பேர்போனது. மலையின் கனியும் சமவெளியின் சர்க்கரையும் கலந்து உண்டாவது அது. கனி நாள்தோறும் கீழே வருகின்றது. கீழே இருப்பவள் ஒருநாள் மேலே போதற்கு இத்துணை இடரோ என்று எண்ணிக்கொண்டேன். சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை என்று ஊர்கள் வந்து கழிந்தன. காற்றுக் குளிர்ந்தது; உடன்வந்தோர் சாளரங்களை மூடினர்; யான் மூடவில்லை.

கொடைக்கானல் ஓய்வுக்கென்றே அமைந்த ஊர். 1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலேயர் இம்மலையை அளக்க வந்தார். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர், சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் தப்பும்பொருட்டு இங்கு முதல் வீடுகளைக் கட்டினர். 1863-இல் லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கினார். இப்பொழுது வத்தலக்குண்டு வழியாக ஏறும் மலைச்சாலை 1914-இல்தான் முடிவுற்றது. அதற்குமுன் வந்தவர்கள் பெரியகுளத்துப் பக்கமிருந்து குறுகிய பாதையில் ஏறினர். நடக்கமாட்டாதாரை ஆட்கள் நாற்காலியிலும் டோலியிலும் சுமந்து ஏற்றினர். அங்ஙனம் ஏறிய ஐரோப்பிய மாதர் சிலர் தாம் தனியே வந்ததாகவே எண்ணியிருத்தல் கூடும். அவரைச் சுமந்த தோள்களை எண்ணுவார்க்கு அவர் தனியரல்லர் என்பது புலனாகும்.

வந்தவருள் மார்கரெட் எடி என்னும் அம்மையார் நினைக்கத்தக்கவர். இந்தியாவில் ஊழியஞ் செய்த தம் மகன் ஷெர்வுட் எடியைக் காண அமெரிக்காவினின்று வந்த அவர், 1901-இல் மிஷனெரிமாரின் பிள்ளைகட்கெனக் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளிக்கு முதல் தலைவியாக அமர்ந்தார். விருந்தாளியாய் வந்தவர்க்கும் மலை ஒரு வேலையைக் கொடுத்துவிட்டது.

ஓய்வில்லம் தைலமரங்களுக்கிடையே ஓடுவேய்ந்த பழைய வீடு. அதனைக் காத்துவந்த மூதாட்டியார் என்னைக் கண்டதும் துணை யாரென்று கேட்டாரில்லை. “கம்பளி கொண்டுவந்தாயா, அம்மா?” என்றுதான் கேட்டார். இல்லையென்றேன். தம்முடையதொன்றைத் தந்து, இரவு எட்டு மணிக்குமேற் பேச்சில்லை என்பதும், காலை மணி அடித்தவுடன் ஜெபம் என்பதும் ஆகிய இரண்டு விதிகளையும் கூறிச் சென்றார்.

முதல் இரவு யான் அமைதி பெற்றேன் என்று எழுதினாற் பொய்யாகும். காற்று ஓட்டின்மேற் புரண்டது, மரங்கள் முனகின. அறையில் என் மூச்சையன்றி வேறொலியில்லை. ஏன் வந்தோம் என்று நொந்தேன். தந்தையாரை அழைத்து, விடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்ல இருமுறை தொலைபேசியை எடுத்து இருமுறையும் வைத்துவிட்டேன். அன்னையார் மறைந்த நாள்முதல் வீட்டில் என்னைச் சுற்றி எப்பொழுதும் மனிதர் இருந்தனர். கல்லூரி விடுதியிலும் அவ்வாறே. யான் அழத் தொடங்கினால் ஒருவர் தண்ணீர் கொணர்வார். மற்றொருவர் தேறுதல் கூறுவார். அழுகை பாதியில் நின்றுவிடும். அன்றிரவு நிறுத்துவார் ஒருவரும் இலர். பத்துத் திங்களாகத் தேங்கிநின்றது முழுதும் அன்று வடிந்தது. விடியற்காலையிற் கதவைத் திறந்தேன். புல்லின்மேல் உறைபனி உப்புப் போலப் படிந்திருந்தது. உள்ளமும் உடலும் இலேசாயிருக்கக் கண்டேன்.

மறுநாள் ஏரிக்கரையில் மக்கள் நெருக்கம் மிகுந்திருந்தமையால் ஊருக்கு அப்பால் ஒரு பாதையிற் சென்றேன். படிப்படியாய் அமைந்த வயல்களிற் பூண்டு பயிராகியிருந்தது. 2019-இற் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அது. அவ்வழியே ஐம்பது வயது மதிக்கத்தக்க மாது ஒருவர் விறகுக்கட்டைச் சுமந்து தனியே வந்தார். “இந்த வழியில் ஒற்றையாய் வருகிறீர்களே, பயமில்லையா, அம்மா?” என்று கேட்டேன். அவர் நகைத்து, “வேலைக்குப் போறவளுக்குத் துணை எதுக்கு, கண்ணு?” என்றார். பின்பு, “நீ என்ன வேலையா வந்தே?” என்று வினவினார். “ஒரு வேலையும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்க வந்தேன்” என்றேன். அவர் என்னைச் சிறிதுநேரம் உற்றுநோக்கினார். பின்பு சுமையை இறக்கிவைத்து, “அப்ப நானுங் கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்” என்று அருகிலிருந்த பாறையில் அமர்ந்தார். தந்தையார் தந்த வெல்லத்தை இருவரும் பகிர்ந்து தின்றோம். அதன்பின் அதிகம் பேசவில்லை.

அவர் சொன்ன சொல்லை அன்று முழுதும் எண்ணினேன். என் அன்னையார் 18 ஆண்டு வரப்புவழியே இருளிற் போனபொழுது, துணைக்கு யார் என்று ஊரிற் கேட்டவர் எவர்? அப்பத்தா கேட்டாரா? தந்தையார் கேட்டாரா? யான்தான் கேட்டேனா? வேலைக்குத் தனியே போகும் பெண்ணை உலகம் தடுப்பதில்லை. ஓய்வுக்குத் தனியே போகும் பெண்ணையே அது வழிமறித்து வினவுகின்றது. ஆகவே, உலகம் கூசுவது பெண்ணின் தனிமைக்கன்று. அவள் சும்மா இருப்பதற்கேயாம்.

தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. நம் அகப்பாட்டுகளிற் பிரிந்து செல்வோன் தலைவன். இருந்து வருந்துவோள் தலைவி. எம் மலைநாட்டை ஆண்டவன் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன். அவன் தன் மனைவி கண்ணகியை நீங்கியிருந்த காலத்து, கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவள்பொருட்டு அவனை இரந்து பாடினர். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாட்டுகள் அவை. புலவர் நால்வர் பரிந்து பேசினர். கண்ணகி கூறிய சொல்லும் அப்பாட்டுகளிற் புலவர் வாய்மொழியாகவே நமக்குக் கிட்டுகின்றது. அவளது தனிமை பிறர் தந்தது. ஔவையாரோ அதியமான்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார். எனினும் அவரும் ஒரு வினைமேற் சென்றவரே. வினையின்றி, வருத்தமுமின்றி, தானே விரும்பித் தனித்திருக்கும் பெண்ணொருத்தியை யான் இன்னும் நம் பாட்டுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஐயாயிரம் பேர்க்கு உணவளித்தபின் நம் ஆண்டவர் ஜனங்களை அனுப்பிவிட்டுத் தனியே மலைமேல் ஏறினார் என்பதை மத்தேயுவின் சுவிசேஷத்திற் பலமுறை படித்திருக்கிறேன். உணவளித்தவர்க்கு ஒரு மலை வேண்டும் என்பது அங்கே சென்றபின்னரே எனக்கு விளங்கிற்று. தம் வாழ்நாளெல்லாம் பிள்ளைகட்கு உணவளித்த என் அன்னையார்க்கு அவ்வேற்றம் வாய்த்திலது.

மூன்றாம் நாட் காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கும் பக்கத்திற்குச் சென்றேன். ஆஸ்திரேலியாவிற் பிறந்து, ஈழத்துப் பெருமகனார் சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் 1936-இற் கட்டுவித்த கோயில் அது. எங்கோ பிறந்த ஒரு பெண், 12 ஆண்டுக்கொருமுறை பூக்கும் மலரின் பெயரால் இம்மலையில் ஓர் இடம் அமைத்தார். அம்மலர் 2018-இற் பூத்தது; இனி 2030-இற் பூக்க வேண்டும். கோயிலின் அருகே நின்று வடக்கே நோக்கினால் பழனிச் சமவெளி முழுதும் கீழே விரிந்து கிடக்கின்றது. பனி விலக விலகக் குளங்கள் கண்ணாடித்துண்டுகள் போல் ஒளிர்ந்தன. அவற்றிற்கு மேற்கே எங்கள் ஊர் இருத்தல் வேண்டும். இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் இயலவில்லை. எம் வீட்டு அடுக்களை வாயிலிலிருந்து மலை அவ்வளவு பெரிதாய்த் தெரியும். மலையிலிருந்து நோக்கினாலோ அவ்வடுக்களை இருக்குமிடமே தெரியவில்லை. யான் ஒரு கல்லின்மேல் அமர்ந்து, ஒரு மணிநேரம், யாதொரு வேலையுமின்றிச் சும்மா இருந்தேன். அன்னையார்பொருட்டு யான் செய்யக்கூடியது அதுவாகவே இருந்தது.

அன்று மாலை ஊர் திரும்பினேன். தந்தையார் பேருந்து நிற்குமிடத்திலேயே காத்திருந்து, ஒன்றும் வினவாது பையை வாங்கிக்கொண்டார். வீட்டில் அப்பத்தா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இம்முறை துணையைப்பற்றி ஒன்றும் கேட்டாரில்லை. இரவு உணவு முடிந்து விளக்கணைத்தபின், இருளில் அவர் குரல் கேட்டது: “மேலே ரொம்பக் குளிருமா?”

“குளிரும், அப்பத்தா. ஆனாற் கம்பளி இருந்தாற் போதும்” என்றேன்.

அவர் வேறொன்றும் பேசவில்லை. அடுத்த விடுமுறைக்குள் இரண்டு கம்பளி வாங்க எண்ணியுள்ளேன். அப்பத்தா உடன்வர விரும்பினால் வரலாம். தனியே போக விரும்பினால், அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, துணைக்கு யாரென்று கேளாது யான் திரும்பி வருவேன். இதனைப் படிக்கும் தோழியரும் தத்தம் இல்லத்தில் அடுக்களை வாயிலில் நின்று மலையை நோக்கும் ஒருவர் உளராயின், காலந் தாழ்த்தாது அவர்க்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுப்பீராக.