ராயப்பர் வீட்டு மாப்பிள்ளை

திருவொற்றியூரிலிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே வந்தால் ராயபுரம். ராயப்பர் என்றால் பீட்டர் சார்! பி.காம். படித்த எனக்கு மாமனார் சொல்லித்தான் தெரியும்.

படகுக்காரர்கள் 1829-ல் கட்டிய ராயப்பர் கோயிலில், நற்கருணை வாங்க எல்லோரும் வரிசையில் போவார்கள். நான் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடிந்ததெல்லாம் செய்வேன் என்று கல்யாணத்தின்போது மனைவி வாக்குக் கொடுத்தாள். அதை எனக்குத் தெரியப்படுத்தினார்கள். நான் அம்மாவுக்குத் தெரியப்படுத்தவில்லை.

மகளின் ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம்தான் சொன்னேன். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் அன்று காலை வடிவுடையம்மன் குங்குமத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். வரிசை நகர்ந்தது.

"நமக்கு இல்லையாடா?"

"இல்லம்மா."

"சரி, தள்ளி உட்காரு. நான் இருக்கேன் துணைக்கு."