பூசையும் பாஸ்டெட்டும்

எகிப்தியரின் பூனைத் தெய்வமான பாஸ்டெட்டின் பெயர் தமிழின் ‘பூசை’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் உலவுகிறது. ஆங்கிலத்தின் ‘புஸ்’ அதற்குச் சான்றாம். அதை எனக்கு அனுப்பியவர் என்னை மொழியியல் படிக்கத் தூண்டிய என் மாமா. “இதை நீதான் உலகறியச் செய்ய வேண்டும்” என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். அவருக்கு எழுதிய விடையை இங்கும் பகிர்கிறேன்.

மாமா, பாஸ்டெட் என்னும் பெயருக்குள் பூனையே இல்லை. அவள் முதலில் பெண்சிங்க வடிவினள், பூனையுருவம் பிற்காலத்தது. பூனைக்கு எகிப்தியர் வைத்த பெயர் ‘மியு’ என்னும் ஒலிக்குறிப்பு. பாஸ்டெட்டின் பெயரைத் தைலக்குடுவை வடிவ எழுத்தால் எழுதினர். ‘தைலக்குடுவைக்கு உரியவள்’ என்பது ஒரு விளக்கம். இறுதித் தகரமோ பெண்பால் விகுதி. அவளுடைய நகரைக் கிரேக்கர் ‘புபாஸ்டிஸ்’ என்றனர். அவ்விடம் இன்றும் ‘தல் பஸ்தா’ எனப்படுகிறது. ஒலி ஒத்தால் போதாது. பொருளும் வரலாறும் ஒத்துவர வேண்டும்.

பூசைக்கு மெய்யான உறவு அருகிலேயே இருக்கிறது. களப்பணிக்காக நான் தங்கியிருக்கும் கல்லாற்றில், பொன்முடி அடிவாரத்தில், வீட்டுப் பூனை ‘பூச்ச’, புனுகுப்பூனை ‘வெருகு’. வெருகைப் பூசை என வழங்குவதைத் தொல்காப்பிய மரபியல் குறிக்கிறது. தமிழ்ப் பேச்சில் அருகிவிட்ட இரு சொற்களும் மலையாளத்தில் நாள்தோறும் புழங்குகின்றன. ஒன்று மட்டும் பொருள் சற்று நகர்ந்திருக்கிறது.

பாஸ்டெட்டுக்கு இணையான தெய்வம் வேண்டுமெனில் வங்காளத்தின் சஷ்டி தேவியைப் பாருங்கள். ஊர்தி பூனை, குழந்தைகளைக் காப்பவள், குழந்தை பிறந்த ஆறாம் நாள் வழிபடப்படுகிறாள். பெயரின் பொருள் ‘ஆறாவது’. இங்கும் பெயரில் பூனை இல்லை. மகாபாரதம் முருகன் துணைவியான தேவசேனையையே சஷ்டி என்கிறது. நாம் சஷ்டி விரதம் இருக்கிறோம். பூனையை மட்டும் குறுக்கே வந்தால் சகுனத்தடை என்கிறோம்!

மாமா, நீங்கள் அனுப்பியதை ஆய்வேட்டில் சேர்த்தால், நான் எழுதும் மெய்யான உறவுகளையும் எவரும் நம்பமாட்டார். ஆகவே அதைப் பரப்ப இயலாது. மாறாக ஓர் உதவி: நம் ஊரில் ஆண்பூனையை என்னவென்று சொல்வார்கள்? எந்த ஒலியெழுப்பி அழைப்பார்கள்? நண்பர்களும் தத்தம் ஊர் வழக்கைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.