கடைமடையில் ஆர்க்கிட்

ஆர்க்கிட் என்றதும் நம் மனம் மலையேறிவிடுகிறது. இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது. 1996இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையமோ சிக்கிமின் பாக்யாங்கில். அதனால் காவிரியின் கடைமடையான திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கொல்லைகளிலும் மொட்டை மாடிகளிலும் பெரிய பூ விடும் டென்ட்ரோபியமும் வாண்டாவும் தொங்குவதைப் பார்க்கிறவர்கள், இந்த வெயிலில் இது எத்தனை நாளைக்கு என்று கேட்கிறார்கள். வளர்க்கிறவர்களின் வேலையைப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது வேறு. இங்கே ஆர்க்கிடைச் சாகடிப்பது வெயில் அல்ல, ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு.

வெயில் வாதத்துக்கு விடை தாய்லாந்தில் இருக்கிறது. வெப்பமண்டல ஆர்க்கிட் பூ ஏற்றுமதியில் முன்னிற்கும் அந்த நாட்டின் பெரிய பண்ணைகள் மலையில் இல்லை. பாங்காக்கை ஒட்டிய நக்கோன் பத்தோம், சமுத் சாக்கோன் வட்டாரங்களில், வாய்க்கால் ஓடும் நெல் தாழ்நிலத்தில் இருக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூர், 1893இல் அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற கலப்பினத்தை 1981இல் தேசிய மலராக்கியது. அங்கும் குளிர்காலம் கிடையாது. ஏன், சோழமண்டலக் கரையின் கோயில்காடுகளில் வாண்டா டெசல்லேட்டா தானாகவே மரமேறி வளர்கிறது. ஆனால் சிம்பிடியத்தை வாங்கி இங்கே வைத்துவிட்டு ஆர்க்கிடே வராது என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அது குளிர்ந்த இரவு கேட்கும் செடி, மலைக்கே இருக்கட்டும்.

உப்பு அப்படியல்ல, மெதுவாகக் கொல்லும். வாண்டாவின் வேர் மண்ணுக்குள் போகாமல் காற்றில் தொங்குகிறது. அதைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற வெள்ளை உறை மழை பட்டதும் தண்ணீரை உறிஞ்சிப் பச்சையாகும். நல்ல தண்ணீரை எவ்வளவு வேகமாக உறிஞ்சுமோ, அதே வேகத்தில் உப்பையும் இழுத்துக்கொள்ளும். வேர்நுனி கருகும், தொட்டியின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு படியும், இலை சுருங்குவது கடைசியில்தான் தெரியும். அப்போதுதான் எல்லாரும் வெயிலைத் திட்டுகிறார்கள். கூரைத் தண்ணீரை ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து மூடிவைத்தவர்களின் செடிகளில் வேர்நுனி பசுமையாக நீள்கிறது. செடியைக் கட்டிவைக்கும் தேங்காய் மட்டையில்கூட உப்பு உண்டு. துண்டுபோட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே கட்ட வேண்டும். அடைமழையில் மட்டை அழுகும் என்பதால் கரியும் ஓட்டுச் சில்லும் போதும் என்பவர்களும் உண்டு. என் ஓட்டும் அவர்களுக்கே. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த கொல்லைகளில் நிழல்வலை இல்லாமல் முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெருக்குவதில்தான் கைத்திறமை தெரிகிறது. ஆர்க்கிட் காய் ஒன்றில் லட்சக்கணக்கில் விதை இருந்தாலும் அவை தூசி போன்றவை, உள்ளே சேமித்த உணவு கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை ஊட்டிவிட வேண்டும். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டினார். 1960இல் ஜார்ஜ் மொரெல் குருத்துநுனியிலிருந்து செடிகளைப் பெருக்கிக் காட்டினார். இன்று கடைக்கு வரும் செடிகளில் பெரும்பாலானவை அத்தகைய ஆய்வகக் குப்பிகளின் பிள்ளைகள். வீட்டுக்குக் கத்தி போதும். டென்ட்ரோபியத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பங்கிலும் மூன்று தண்டாவது இருக்க வேண்டும். பழைய தண்டின் கணுவில் விடும் கன்றை, அதன் வேர் இரண்டு அங்குலமாவது நீண்ட பிறகே எடுக்க வேண்டும். வாண்டா உயர்ந்துவிட்டால் மூன்று நான்கு வேரோடு தலையை வெட்டி வைக்கலாம். அடித்தண்டு பக்கக்கன்று விடும். ஒவ்வொரு செடிக்கும் முன்பு கத்தியை நெருப்பில் காட்டுவது சிலருக்கு அதிகப்படியாகத் தெரியும். ஆனால் மற்ற ஆர்க்கிடுகளையும் பிடிக்கும் சிம்பிடியம் தேமல் நச்சுயிரி கத்தியில்தான் செடிவிட்டுச் செடி போகிறது, அதற்கு மருந்தும் இல்லை. இந்தப் பொறுமையான வேலையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே செய்கிறார்கள். மழைக்காலத்தில் விளக்கோடு போய் நத்தை பொறுக்குவதும் அவர்கள்தான்.

இதில் வருமானம் உண்டா என்பது நியாயமான கேள்வி. பூ விற்றுப் பிழைக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். மணமில்லாத, சரம் தொடுக்க வராத பூவை நம் பூக்கடைகள் கேட்பதில்லை. கல்யாண மேடை அலங்காரக்காரர்களுக்கோ ஒரே நாளில் ஒரே நிறத்தில் கட்டுக்கட்டாக வேண்டும். பத்துத் தொட்டிக்காரரால் அது முடியாது. வேர்பிடித்த கன்றுகளை விற்பதில் செலவைத் தேற்றலாம், அவ்வளவுதான். அதற்கும் முதல் முதலீடு செடி அல்ல, மூடிபோட்ட மழைநீர்த் தொட்டி. அது இல்லாதவர்கள் இப்போதைக்கு ஆர்க்கிட் வாங்க வேண்டாம்.