துளையும் துல்லியமும்

திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்குக் கோபுரம் 217 அடி உயரமுடையது. விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அப்பணியைத் தஞ்சையின் சேவப்ப நாயக்கர் நிறைவு செய்தார். அதன் அடித்தளம் கருங்கல்லால் ஆனது. பாறையை உடைக்க வெடிமருந்து பயன்படாத அந்நாளில், கற்பணியாளர் பாறையில் ஒரே கோட்டில் சிறு குழிகளை வெட்டி, ஆப்புகளை அடித்து இறுக்கிக் கல்லைப் பிளந்தனர். விசயநகரத்தின் தலைநகராக விளங்கிய ஹம்பியின் பாறைகளில் அக்குழி வரிசைகளை இன்றும் காணலாம். குழி கோட்டை விட்டு விலகினால் பிளவும் விலகும். உளி சென்று இயந்திரம் வந்த பின்னரும் இவ்விதி மாறவில்லை.

இன்றைய திறந்தவெளிச் சுரங்கங்களில் பாறையைப் படிப்படியாக வெட்டி இறங்குகின்றனர். இயந்திரத்தால் ஆழ்துளைகள் இட்டு, வெடிமருந்து நிரப்பி வெடிக்கச் செய்கின்றனர். நிலைத்து நிற்க வேண்டிய சுவரின் ஓரத்தில் மட்டும் துளைகளை நெருக்கமாக இட்டு, குறைந்த மருந்தை வைத்து, முதலில் வெடிக்கச் செய்வர். துளைக்குத் துளை மெல்லிய பிளவு ஓடும். பின்னர் நிகழும் பெருவெடிப்பின் தாக்கம் அப்பிளவைக் கடந்து சுவரைச் சிதைப்பது குறையும். 1950களில் அமெரிக்காவின் நயாகரா புனல்மின் திட்டப் பணியில் இம்முன்பிளவு முறை பரவலாக அறியப்பட்டது.

இம்முறையின் வெற்றி துளையின் நேர்மையைப் பொறுத்தது. துளையின் வாய் குறித்த இடத்தில் அமையாமை, இயந்திரம் உரிய கோணத்தில் நில்லாமை, பாறையின் அடுக்குகளில் துளைக்கோல் வளைந்து செல்லுதல் என, பிழை மூவகையில் நேரும். ஒரு பாகை சாய்ந்தால், 10 மீட்டர் ஆழத்தில் துளை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் விலகிவிடும். வெளிமுகத்தை மிகவும் நெருங்கிய துளை வெடித்தால் கற்கள் நெடுந்தொலைவு பறக்கும். மிகவும் விலகிய துளை வெடித்தால் பாறை நன்கு உடையாது; ஆற்றலின் பெரும்பகுதி நில அதிர்வாகச் செல்லும். மருந்தின் அளவு சரியாக இருந்தும் இவை நிகழக்கூடும்.

ஆகவே துளையை அளந்தறிதல் இன்றியமையாதது. எடை கட்டிய நாடா ஆழத்தைக் காட்டும். கண்ணாடியால் கதிரொளியைத் துளைக்குள் செலுத்தினால் வளைவு புலப்படும். சாய்வுமானியை இறக்கினால் ஒவ்வோர் ஆழத்திலும் சாய்வின் அளவு கிடைக்கும். சாய்ந்த திசையை அறியக் காந்தமானி உதவும். ஆயின், திருவண்ணாமலையை அடுத்த கவுத்தி, வேடியப்பன் மலைகளில் உள்ளது போன்ற காந்த இரும்புத் தாதுப் பாறையில் காந்தமானி பொய்யுரைக்கும். அங்குச் சுழல்மானியே நம்பத்தக்கது. வெடித்த பின்னும் ஓர் அளவீடு உண்டு. நன்கு வெடித்த சுவரில் துளைகளின் பாதித் தடம் எஞ்சி நிற்கும். 100 மீட்டர் துளையில் 80 மீட்டர் தடம் தெரிந்தால், அவ்வளவு 80 விழுக்காடு ஆகும்.

இவ்வளவு அக்கறை சுவருக்காக மட்டுமன்று. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-இல் நில அதிர்வுக்கு வரம்புகள் வகுத்தது. 8 ஹெர்ட்சுக்குக் குறைந்த அதிர்வெண்ணில், குடியிருப்பு வீடுகளுக்கு வினாடிக்கு 5 மில்லிமீட்டர், வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களுக்கு 2 மில்லிமீட்டர் என்பன அவ்வரம்புகள். தொன்மையான கோபுரங்களும் ஓட்டு வீடுகளும் மிகுந்த நாட்டில் இவ்வெண்களின் பொருள் பெரிது.

தவறான துளையை மூடி, வேறு துளை இடலாம். ஆனால் அதற்குரிய காலம் மருந்து நிரப்புவதற்கு முன்னர் மட்டுமே. பறந்த கல்லைத் திரும்ப அழைக்க எந்தக் கருவியும் இல்லை.