வட்டிக் கணக்கு கேட்ட வாத்தியார்

எண்பதுகளில் மைசூர் மானசகங்கோத்திரியில் எம்.ஏ. படித்தபோது எங்களுக்கு வாய்த்த பொருளாதார வாத்தியாரைப் போல் ஒருவரை அப்புறம் நான் பார்க்கவில்லை. கன்னடக்காரர், படித்தது சென்னையில். என்னிடம் மட்டும் மெட்ராஸ் தமிழில் பேசுவார்.

என் ஊர் ராமாபுரம். கொள்ளேகாலம், ஹனூர் எல்லாம் தாண்டி, மாதேசுவரன் மலைப் பக்கம். 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த கொள்ளேகாலம் தாலுகா மைசூர் ராஜ்யத்துக்குப் போனபோது நாங்களும் கூடவே போனோம். 1997இல் சாமராஜநகர் மாவட்டம் ஆனோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ்.

வாத்தியாருக்கு ஆதர்சம் கில்பர்ட் ஸ்லேட்டர். தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்துவிட்டு, 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர். புத்தகத்தில் இருக்கிற இங்கிலாந்தை ஒப்பிக்காதே, உன் ஊருக்குப் போய் விசாரி என்று மாணவர்கள் கையில் கேள்விப்பட்டியலைக் கொடுத்தனுப்பினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி என்று அவர்கள் கொண்டுவந்த ஊர்க்கதைகள் 1918இல் நூலாயின.

எங்கள் வாத்தியாரும் லீவுக்கு ஒரு நோட்டைக் கொடுத்தனுப்புவார். நிலம் யார் பேரில், கடன் யாரிடம், வட்டி என்ன?

"ஏன்டா, இதெல்லாமா படிப்புல வருது?" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, அதுவரை வீட்டில் பேசாத கடனையெல்லாம் சொன்னார். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே ராகியாக அளந்து கொடுக்க வேண்டும். விலை கடன் கொடுத்தவர் வைத்தது. நான் வட்டியைச் சுத்தமாகக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு போனேன்.

வாத்தியார் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "அளக்கிற வள்ளம் யாரோடதுப்பா?"

கடன் கொடுத்தவருடையதுதான். வேறு யாருடையதாக இருக்கும்? அதற்குப் பிறகு எந்த வட்டி விகிதத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்த மரவள்ளம்தான் கண்ணில் நிற்கிறது.

ஸ்லேட்டரின் பழைய ஆராய்ச்சி, இங்கிலாந்துக் குடியானவர்கள் பொதுநிலங்களை வேலிக்குப் பறிகொடுத்த கதை. அதை நடத்தும்போது வாத்தியார் என் பக்கம் திரும்பி, எங்கள் காட்டுப் பட்டிகளைப் பற்றிச் சொல்லச் சொன்னார். செம்மேனியில் வெள்ளைத் திட்டுப் போட்ட பர்கூர் மாடுகள், மாசக்கணக்கில் காட்டிலேயே கிடக்கிற மாட்டுக்காரர்கள். ஊர்க்கதை என்று நான் கூச்சப்பட்டதைப் பாடம் என்று வகுப்பே எழுதிக்கொண்டது. படித்ததில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய கௌரவம் அதுதான். பட்டமளிப்பு விழாவெல்லாம் அப்புறம்.

அந்தப் பட்டிகள் இருந்த மாதேசுவரன் மலைக் காடு 2013இல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று வாத்தியாருடைய வகுப்பில் உட்கார வேண்டும்போல் இருந்தது.

ஸ்லேட்டரின் ஊர்களுக்கு 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆட்களை அனுப்பிக் கணக்கெடுத்தார்கள். இருவேல்பட்டுக்கு அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் போனார்கள். என் ராமாபுரம் நோட்டு துறை அலமாரியோடு போயிற்று. அப்பாவும் இல்லை, வாத்தியாரும் இல்லை. என் மகள் பெங்களூரில் பொருளாதாரம்தான் படிக்கிறாள். ஆயிரம் ஊர்களின் புள்ளிவிவரத்தை ஒரு மாலையில் கம்ப்யூட்டரில் இறக்கிவிடுகிறாள். கெட்டிக்காரி. எனக்குத்தான் அந்த நோட்டோடு ஊருக்குப் பஸ் ஏற ஆசை. பட்டி வைத்திருந்தவர்கள் மாட்டை யாருக்கு விற்றார்கள், விலையை யார் சொன்னார்கள் என்றுதான் வாத்தியார் முதலில் கேட்டிருப்பார். எத்தனை மாடு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.