சாரங்கக்கேடாவின் குதிரைச் சந்தை

மராட்டிய மாநிலத்தின் வடகோடியில், நந்துர்பார் மாவட்டத்தில், தபதி நதிக்கரையில் அமைந்த ஊர் சாரங்கக்கேடா. சூரத்–புசாவல் இருப்புப் பாதையில் தோண்டாயிச்சா நிலையத்தில் இறங்கி, வடக்கே சாலை வழியாகச் செல்லவேண்டும். ஒருமுகத் தத்தாத்ரேயர் எழுந்தருளியுள்ள அவ்வூரில், டிசம்பரில் வரும் தத்த ஜயந்திப் பௌர்ணமியை ஒட்டித் திருவிழா தொடங்கும். குதிரைச் சந்தையும் உடன் கூடும். சென்ற ஆண்டு விடுமுறையில் நாங்கள் நண்பர் மூவர் அதனைக் காணச் சென்றோம்.

ராஜஸ்தானத்து மார்வாரி, சௌராஷ்டிரத்துக் கத்தியவாரி, பஞ்சாபின் வெண்ணிற நுக்ரா ஆகிய இனங்கள் அங்கு வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. முதலிரண்டு இனங்களின் செவிகள் உட்புறம் வளைந்து நுனியோடு நுனி தொடும். 'ரேவால்' என்னும் குலுங்காத நடை மார்வாரிக்குப் பெரும் புகழ் தருவது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் பழமொழி. விலை கொடுத்து வாங்குவோர் பல்லைத்தான் முதலில் பார்க்கின்றனர். கீழ்த்தாடையின் நடுப் பாற்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தவை நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைவுறும். அதன்பின் பற்களின் தேய்மானமே வயதைக் காட்டும். பின்னர்ச் சுழி பார்ப்பர். கழுத்தில் அமைந்த 'தேவமணி' நற்சுழி. அது வாய்த்த குதிரைக்கு விலையும் உயரும்.

இலட்சக்கணக்கில் விலை கூறப்படும் அலங்காரக் குதிரைகளைச் சுற்றியே கூட்டம் மொய்த்தது. எங்கள் மனம் நின்றதோ, மணமகன் ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடும் ஓர் எளிய மனிதரிடம். கடன் பெற்றுப் பணத்தை மடியில் முடிந்து வந்திருந்தார். ஒரு வெண்ணிறப் பெட்டையை அவர் மூன்று நாள் விடாமல் கவனித்தார். பகலில் ஓடிக் கால் சூடேறிய குதிரையிடம் சிறு நொண்டல் மறைந்துவிடும். ஆதலால் விடியற்குளிரில், கட்டுத்தறியிலிருந்து அவிழ்க்கும்போதே அதன் முதல் அடிகளைப் பார்த்தார். மேளம் அடிக்கச் செய்து அது மிரளுகிறதா என்று சோதித்தார். ஊர்வலத்தில் மிரளும் குதிரையால் மணமகனுக்கு ஆபத்து; அவருக்கோ பிழைப்பே போய்விடும்.

நம் மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசுவதுண்டு. இங்கு நாங்கள் கண்ட பேரம் வாய்விட்டே நடந்தது. தரகர் இருவர் கையையும் சேர்த்துவைக்க முயன்றார். அம்மனிதரோ, இரத்தப் பரிசோதனைச் சான்று எங்கே என்று கேட்டார். கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடியது; நோய் உறுதியான குதிரையை அரசு விதிப்படி கொன்றுவிடவேண்டும். சான்றைக் கண்ணால் கண்ட பின்னரே அவர் மடியை அவிழ்த்தார். விற்றவர் குதிரையின் நெற்றியைத் தடவி, அது விரும்பி உண்ணும் தீவனம் இன்னதென்று சொல்லிக் கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

நம் நாட்டில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவிலும் குதிரைகள் விற்பனைக்கு வருகின்றன. அவ்வளவு தொலைவு செல்ல இயலாத வடபுலத்து அன்பர்கள், குழந்தைகளுடன் ஒருமுறை சாரங்கக்கேடா சென்று வரலாம். நல்ல குதிரைகள் விரைவில் கைமாறிவிடுகின்றன. ஆகையால் சந்தையின் முதல் நாட்களிலேயே செல்லுதல் நலம். குதிரைகளின் பின்புறம் மட்டும் குழந்தைகளை நிற்கவிடாதீர்கள்.